இல்லத்தில் கரப்பான் பூச்சி: இனம் அறிதலும் ஒழிக்கும் முறையும்

கிராமத்து வீட்டிற்குக் கரப்பான் பூச்சி முற்றிலும் புதியதன்று. பழைய ஓட்டு வீடுகளில் பரண்மேல் அடுக்கிய பானைகளுக்கிடையிலும், குதிரின் பின்புறத்திலும் அது வாழ்ந்தே வந்தது. ஆயினும் அந்நாளைய சமையற்கட்டில் இரவு நேரத்தில் அதற்குக் கிடைத்த இரை சொற்பமே. அரிசி களைந்த நீரும் வடிகஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குச் சென்று மாட்டின் வயிற்றை அடைந்தன. அங்கணத்து நீர் திறந்த வாய்க்கால் வழியே ஓடிக் கொல்லை வாழைக்குப் பாய்ந்து சுவறியது. இன்று நிலை வேறு. சிமென்டு மேடை, அதன்கீழ்க் கதவிட்ட அறை, குழாயும் தொட்டியும், மூடிய சாக்கடை, கொல்லையில் கழிப்பறைக் குழி என வீடு மாறிவிட்டது. இவ்வசதிகள் வேண்டாமென்று எவரும் கூறார்; அவற்றை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பதே நம் அலுவலாக இருந்து வருகிறது. ஆனால் இருளும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே அமைந்த இடுக்குகள் வீட்டுக்குள் பெருகியிருப்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கரப்பான் விரும்புவது இம்மூன்றையுமே.

பூச்சி பெருகியதும் மக்கள் என்ன செய்கின்றனர்? நகரத்தார் கடைக்குச் சென்று தெளிப்பான் வாங்குகின்றனர். உழவர் வீட்டிலோ கை பரணை நோக்கிப் போகிறது. பருத்திக்கோ கத்தரிக்கோ வாங்கியதில் மிஞ்சிய பூச்சிக்கொல்லி அங்கே இருக்கிறது. நம் மக்கள் அதனை ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர்; அச்சொல்லே பாதி அபாயத்தை மறைத்துவிடுகிறது. நாம் பார்வையிட்ட ஒரு சிற்றூரில், ஒரு தாய் பருத்திக்கு வாங்கிய நஞ்சில் மூடியளவு எடுத்து நீரில் கலந்து சமையல் மேடையின் கீழும் அலமாரியிலும் தெளித்திருந்தார். மறுநாள் தரையில் தவழ்ந்த குழந்தைக்கு வாயில் நீர் வழிந்தது; கண்மணி குண்டூசி முனை போலச் சுருங்கியது. அரசு மருத்துவமனையில் உரிய காலத்தில் சேர்த்ததால் குழந்தை பிழைத்தது. கரப்பான்களோ இரண்டு திங்கள் கழித்து முன்போலவே மேடையடியில் ஓடின. இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், ஒழிக்கும் முறையும் தானே விளங்கும்.

கரப்பானின் முட்டைகள் தனித்தனியே இடப்படுவதில்லை. கெட்டியான ஓட்டினாலாகிய ஒரு சிறு பெட்டிக்குள் அவை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தெளித்த நஞ்சு ஓடும் பூச்சியைக் கொல்லலாம். பெட்டிக்குள் இருக்கும் முட்டையைத் தொடுவதில்லை. அன்றியும், தெளிப்பின் காரத்தால் பூச்சிகள் சிதறி அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டிற்கும் குடிபெயர்கின்றன. ஆகவே கண்ணில் பட்டதைக் கொல்வது ஒன்று. குடியிருப்பைக் கலைப்பது வேறொன்று.

எவ்வினம் என்று காண்க

கரப்பான் எல்லாம் ஒன்றே என்று கருதுவது பொதுவான பிழை. தென் மாவட்டங்களில் சிலர் இதனைப் பாச்சை என்பர். துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டை பெயர் பெற்றது இதனாலேயே. சித்த மருத்துவத்தில் கரப்பான் எனப்படும் தோல்நோய் வேறு. பூச்சிக்கும் அந்நோய்க்கும் பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு குழம்ப வேண்டுவதில்லை. உலகில் ஏறத்தாழ 4,500 வகைக் கரப்பான்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிலவே மனிதனோடு குடியிருப்பவை. நம் வீடுகளைப் பொறுத்தமட்டில் மூன்றை அறிந்தால் போதும்.

முதலாவது, பெரிய செங்கரப்பான். நீளம் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும், செம்பழுப்பு நிறம், தலையை மூடியுள்ள கேடயத்தின் ஓரத்தில் மங்கிய மஞ்சள் வளையம் தெரியும். விலங்கியலார் இதற்கு இட்ட பெயர் பெரிபிளானெட்டா அமெரிக்கானா என்பது; உண்மையில் இதன் தாயகம் ஆப்பிரிக்கா. சாக்கடை, கழிப்பறைக் குழி, விறகுக் குவியல் ஆகியவையே இதன் இருப்பிடம். சமையலறைக்கு இரவில் விருந்தாளியாக வருகிறது. முட்டைப்பெட்டி காராமணிப் பயறளவில் கருஞ்சிவப்பாக இருக்கும். அதில் 14 முதல் 16 முட்டைகள் உண்டு. தாய்ப்பூச்சி அதனை இரை கிடைக்கும் இடத்திற்கருகே ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவர ஆறு முதல் எட்டு வாரமாகும். மேலே கூறிய வீட்டில் இரண்டு திங்களுக்குப் பின் ஓடியவை இவ்வாறு வெளிவந்தவையே.

இரண்டாவது, சிறிய கோட்டுக் கரப்பான். 12 முதல் 15 மில்லிமீட்டர் நீளம், வெளிர்பழுப்பு நிறம், தலைக்கேடயத்தின்மேல் இணையாக இரண்டு கருங்கோடுகள். இதுவே பிளாட்டெல்லா ஜெர்மானிகா. 1767-ம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ஜெர்மனியின் பெயரைச் சூட்டினார். ஆனால் இப்பூச்சி ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார்ப் பகுதியில் ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து கிளைத்தது என்று 2024-ம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. ஜெர்மனியின்மேல் போட்ட பழி நம் பக்கமே திரும்பியிருக்கிறது! இது வெளியில் வாழ்வதில்லை; முழுக்க முழுக்க வீட்டுக்குடி. குளிர்பதனப் பெட்டியின் பின்னுள்ள இயந்திரப் பகுதி, மாவரைக்கும் இயந்திரத்தின் அடி, அடுப்பின் பின்புறம் ஆகிய வெம்மையான இடுக்குகளில் கூட்டமாகத் தங்கும். பெட்டியில் 30 முதல் 40 முட்டைகள். பொரியும் தறுவாய் வரையில் தாய் அதனை உடலின் பின்முனையில் சுமந்தே திரிகிறது. குஞ்சு ஏறத்தாழ இரண்டு திங்களில் முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கிவிடும். மூவகையில் மிக விரைந்து பெருகுவது இதுவே.

மூன்றாவதான பட்டைக் கரப்பானும் சிறியதே. இறகின் குறுக்கே வெளிறிய பட்டைகள் உண்டு. இது ஈரத்தை அவ்வளவாக நாடாது. சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், தொலைக்காட்சிப் பெட்டி, புத்தக அலமாரி, மர நிலையின் மேல்விளிம்பு என உயரமான உலர்ந்த இடங்களில் காணப்படும். சமையலறையை எவ்வளவு தூய்மை செய்தும் கூடத்தில் பூச்சி குறையவில்லையெனில் இதனை ஐயுறுதல் வேண்டும்.

பெரியது வந்தால் சாக்கடையைப் பார்க்க வேண்டும். கோடுள்ளது வந்தால் சமையலறையின் வெம்மையான இடுக்கைப் பார்க்க வேண்டும். பட்டையுள்ளது வந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். இனம் அறியாமல் வாங்கும் மருந்து பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய்ச் சேர்கிறது.

இரவில் ஒரு மணி நேரம்

பகலில் வீட்டைச் சோதிப்பதால் பயன் குறைவு. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சு விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் செல்க. சிவப்பொளி கரப்பானின் கண்ணுக்குப் பெரிதும் புலப்படாது. ஆகையால் அது ஓடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பிறகு வெள்ளொளியைக் காட்டினால் எந்த இடுக்கை நோக்கி ஓடுகிறது என்பதைக் கவனித்து, அவ்விடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம். பகலிலேயே பூச்சிகள் நடமாடினால் மறைவிடங்கள் நிரம்பிவிட்டன என்பது பொருள்.

பூச்சியே கண்ணில் படாவிடினும் அடையாளங்கள் உண்டு. சிறியவற்றின் எச்சம் மிளகுப்பொடி தூவியது போலிருக்கும். பெரியதன் எச்சத்தைச் சுண்டெலியின் புழுக்கை என்று மயங்குவோர் பலர். எலிப்புழுக்கையின் முனைகள் கூர்மையானவை. கரப்பானுடையவை மழுங்கியவை, பக்கங்களில் வரிகளும் தெரியும். இவ்வேறுபாட்டை அறிந்தால் கரப்பானுக்காக எலி நஞ்சு வாங்கும் பேதைமை ஒழியும். உரித்த சட்டைகள், வெறுமையான முட்டைப்பெட்டிகள், எண்ணெய்ச் சிக்குப் போன்ற நாற்றம் ஆகியனவும் சான்றுகளே.

எங்கே எத்தனை என்று எண்ணிப் பார்க்கவும் எளிய வழி உண்டு. ஊறுகாய் போட்டுவைத்த கண்ணாடிச் சாடிகள் நான்கைந்து எடுத்து, வெளிப்புறத்தில் பழந்துணியைச் சுற்றி, உள்வாயில் இரண்டு விரற்கடைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, அடியில் ஒரு துண்டு ரொட்டியோ வாழைப்பழமோ இட்டு, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். துணியைப் பற்றி ஏறி உள்ளே இறங்கிய பூச்சி எண்ணெய் வழுக்குவதால் மேலேற இயலாது. மூன்று இரவுகள் தொடர்ந்து எண்ணி ஒரு தாளில் எழுதிவைத்தால், வீட்டில் எவ்விடத்தில் குடியிருப்பு என்பது ஐயமின்றித் தெரியும். பிடிபட்டவற்றைச் சோப்பு நீரில் கொட்டினால் மூச்சுத்துளைகள் அடைபட்டு மடிந்துவிடும். கண்ணெதிரே ஓடும் பூச்சியின்மீதும் சோப்பு நீரையே தெளிக்கலாம். அதனால் குழந்தைகளுக்குக் கேடில்லை.

நீரையும் வழியையும் அடைத்தல்

சிறிய கோட்டுக் கரப்பான் இரையின்றி, நீர் மட்டும் கிடைத்தால் ஒரு திங்களுக்கு மேலும் உயிர்வாழும். நீர் இல்லையெனில், எவ்வளவு உலர்ந்த இரை இருந்தும் இரண்டு வாரம் தாங்குவதே அரிது. எனவே முதல் வேலை ஒழுகும் குழாயைச் செப்பனிடுவதாகும். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் 2019-ம் ஆண்டு முதல் வீடுதோறும் குழாய் இணைப்புகள் வழங்கப்பட்டு வருகின்றன. தேய்ந்துபோன ஒரு வாஷர் இரவு முழுதும் சொட்டும் நீர் ஒரு கூட்டத்திற்குப் போதும். தொட்டியின் கீழுள்ள நெளிகுழாயின் மூட்டில் கசிவு உண்டா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பற்றுப் பாத்திரங்களை இரவே துலக்கிக் கவிழ்ப்பதும், மேடையைத் துடைத்த ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் உலர்த்துவதும் பழக்கமாக வேண்டும். வீட்டுத் தாய்மார் ஒருவரே இவ்வேலையனைத்தையும் சுமக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. உண்ட தட்டைக் கழுவிவைக்க ஆடவர்க்கும் கைகள் உண்டு.

இனி இடுக்குகள். சிறிய கரப்பான் முழு வளர்ச்சியடைந்த பின்னும் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய பிளவினுள் நுழைய வல்லது. பெரியது தன் உடலைத் தட்டையாக்கி 3 மில்லிமீட்டர் இடுக்கில் நுழைந்து செல்வதை 2016-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினர். சுவரில் குழாய் நுழையும் துளை, மேடைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள விரிசல், கதவு நிலையின் வெடிப்பு ஆகியவற்றைச் சிமென்டாலும் மக்காலும் அடைப்பதற்கு ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை போதும். அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைப்பதையும் விட்டொழிக்க வேண்டும். நெளிவரிகள் கொண்ட அட்டை, கரப்பானுக்கென்றே கட்டிய தொகுப்பு வீடு போன்றது.

கழிப்பறையைப் பற்றி நாம் சற்று விரிவாகவே கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். 2014-ம் ஆண்டில் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் வழியாகப் பல கிராமங்களில் தனிநபர் கழிப்பறைகள் கட்டப்பட்டன. இரவில் உள்ளே நுழைந்தால் கரப்பான் காலில் ஏறுகிறது என்று அஞ்சிக் குழந்தைகள் அவற்றைத் தவிர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். குறை பெரும்பாலும் நீர் அடைப்பிலோ மூடியிலோதான் இருக்கும். கிராமப்புறக் கோப்பையின் வளைவில் 20 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டும். அந்நீரே குழிக்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள கதவு. பல நாள் பயன்படுத்தாவிடில் நீர் வற்றிக் கதவு திறந்துவிடுகிறது. குளியலறைத் தரையில் பதித்த நானி டிராப்பிற்கும் இதே விதி. வெளியூர் செல்வோர் புறப்படுமுன் ஒரு குவளை நீர் ஊற்றிச் செல்ல வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பறையில், குழிகளுக்கு நீரைப் பிரித்துவிடும் தொட்டியின் மூடி பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, சந்தைக் களிமண்ணாலோ மெல்லிய சுண்ணாம்புக் கலவையாலோ பூச வேண்டும். செப்டிக் டாங்கு உள்ள வீடுகளில் காற்றுக்குழாயின் மேல்வாயில் நைலான் வலை கட்டினால் கொசுவும் அடைபடும்.

இரை வைத்தல்

மேற்கூறியவற்றைச் செய்தபின் எஞ்சுவதற்கே நஞ்சு. அதுவும் தெளிப்பதைவிட இரையாக வைப்பதே சிறந்தது. கேரம் பலகையில் தூவும் போரிக் பொடியை யாவரும் அறிவர். அப்பொடி ஒரு பங்கு, கோதுமை மாவு இரண்டு பங்கு, வெல்லத்தூள் ஒரு பங்கு எடுத்துச் சிறிது பால் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காயளவு உருட்டி உலர்த்த வேண்டும். இதனை உண்ட பூச்சி உடனே சாவதில்லை. சில நாட்கள் ஆகும். பொறுமையில்லாதவர் இரண்டாம் நாளே பயனில்லை என்று கைவிடுகின்றனர். வெறும் பொடியாகத் தூவுவதாயின், கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாக இடுக்கினுள் ஊத வேண்டும். குவியலாகக் கொட்டினால் பூச்சி அதனைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

போரிக் பொடி தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. வெல்லம் சேர்ந்த உருண்டை குழந்தைக்கு மிட்டாயாகத் தோன்றும். ஆகவே உருண்டைகளைத் தீப்பெட்டிக் கூட்டினுள்ளோ துண்டுக் குழாயினுள்ளோ இட்டு, கை எட்டாத பின்னிடுக்கில் வைத்து, எத்தனை வைத்தோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். நாய், பூனை, கோழி உள்ள வீடுகளிலும் இவ்வெச்சரிக்கை தேவை.

சில இடங்களில் சிறிய கரப்பான்கள் இனிப்பையே ஒதுக்குவதுண்டு. இனிப்பு இரையில் நஞ்சு வைத்து வைத்து, குளுக்கோசை வெறுக்கும் பரம்பரையே தோன்றிவிட்டதை 1993-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அத்தகைய வீடுகளில் வெல்லத்தை நீக்கி, வறுத்த வேர்க்கடலைப் பொடியைச் சேர்க்கலாம். கடைகளில் ஊசிக்குழலில் அடைத்து விற்கும் பசையும் நல்லதே. பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை அதில் உள்ளன. துவரம்பருப்பளவு புள்ளிகளாகப் பல இடுக்குகளில் வைக்க வேண்டும். அதனை உண்டு மடிந்த பூச்சியையும் அதன் எச்சத்தையும் தின்னும் மற்றவையும் மடியும். பசை வைத்த இடத்தில் தெளிப்பான் அடித்தால், பூச்சி பசையை நெருங்காது. இரண்டு செலவும் வீண்.

கோடு கிழிக்கும் நஞ்சுச் சுண்ணக்கட்டியைப் பற்றி நம் கருத்து கண்டிப்பானது. பலகையில் எழுதும் சாக்பீசுக்கும் அதற்கும் சிறு குழந்தைக்கு வேற்றுமை தெரியாது. எழுதப் பழகும் பிள்ளையுள்ள வீட்டில் அது வேண்டாம். பாச்சை உருண்டையும் கரப்பானை ஒழிப்பதில்லை. அதிலுள்ள நாப்தலின், குருதியில் குறிப்பிட்ட ஒரு நொதி குறைவாயுள்ள பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுஞ்சோகையை உண்டாக்க வல்லது. வேப்பிலைப் புகை போட்டாலும் பூச்சி பக்கத்து வீட்டிற்குப் போய்த் திரும்பி வரும். மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது தீவிபத்திற்கு வழி.

வயல் நஞ்சு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. அதன் காலிக் கலமும் வரக்கூடாது. 2013-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில் பள்ளியில் நண்பகல் உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பயிர்நஞ்சு கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. கலத்தைக் கழுவிவிட்டோம் என்பது போதிய சமாதானமாகாது. துளையிட்டு எவரும் மீண்டும் பயன்படுத்த இயலாதபடி செய்ய வேண்டும். நஞ்சுண்ட குறி தென்பட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுக் கலத்தின் சீட்டையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

நமக்குத் துணைசெய்யும் உயிர்களும் சில உண்டு. பல்லியைக் கூறத் தேவையில்லை. சன்னலருகே, கருநிறத்தில், வயிற்றைச் சிறு கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு திரியும் ஒரு குளவியைப் பலர் கண்டிருப்பர். அது மனிதரைக் கொட்டுவதில்லை. பெரிய கரப்பானின் முட்டைப்பெட்டியைத் தேடி அதனுள் தன் முட்டையை இடுகிறது. பிறக்கும் புழு அப்பெட்டியிலுள்ள முட்டைகளைத் தின்று தீர்க்கிறது. அது வீட்டில் பறந்தால் அருகில் கரப்பான் பெட்டி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு வீட்டார் மட்டும் முயன்றால் பூச்சி சுவர் தாண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒரே வாரத்தில் எல்லா வீடுகளிலும் இரை வைப்பதென்று முடிவு செய்வது நன்று. அங்கன்வாடியையும் சத்துணவுக் கூடத்தையும் இதில் விட்டுவிடலாகாது. கரப்பானின் கால்களில் ஒட்டிவரும் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் உணவை அடைகின்றன. அதன் எச்சமும் உரித்த சட்டையும் தூளாகிக் குழந்தைகளின் மூச்சிழுப்பைத் தூண்டுகின்றன. அமெரிக்காவின் நெருக்கமான நகர்ப்பகுதிகளில் ஆஸ்துமாவுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 1997-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இதனை உறுதிசெய்தன. கூடங்களுக்குப் பூச்சி வரும் வழிகளுள் தானியச் சாக்கும் முட்டை வரும் அட்டைத் தட்டும் முக்கியமானவை. சாக்கை வெயிலில் உதறியபின் உள்ளே எடுக்க வேண்டும். முட்டைகளை உடனே வேறு கூடையில் மாற்றி, அட்டைத் தட்டுகளை அன்றே வெளியேற்ற வேண்டும்.

இரை வைத்து நான்கு வாரம் சென்றபின் அதே சாடிகளை அதே இடங்களில் மூன்று இரவுகள் வைத்து, முன்பு எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் எட்டாம் வாரத்தில் புதிய உருண்டைகளை மறவாமல் வைத்தல் வேண்டும். முன்பே ஒட்டப்பட்ட பெரிய கரப்பானின் பெட்டிகள் பொரிந்து முடிவது அப்பொழுதுதான். பழைய உருண்டைகளை எண்ணிக் கணக்குப் பார்த்தபின் கொல்லையில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.